ஹோஸ்ட் மூலக்கூறு வரைவதற்கு முன்

ஓஎல்இடி ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கெல்லாம் ஒளிரும் டோபன்ட் மேல்தான் கண். ஆனால் ஒளிரும் அடுக்கில் அது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடத் தேறாது. மீதி ஹோஸ்ட். மின்னேற்றத்தைக் கடத்துவதும், பிறந்த ஆற்றலைச் சிந்தாமல் டோபன்ட்டிடம் சேர்ப்பதும் அதன் பாடு.

நான் முதலில் பார்ப்பது ட்ரிப்ளெட் ஆற்றல். எலக்ட்ரானும் துளையும் சேரும்போது பிறக்கும் கிளர்வு நிலைகளில் நான்கில் மூன்று பங்கு ட்ரிப்ளெட்தான். ஹோஸ்ட்டின் ட்ரிப்ளெட் டோபன்ட்டுடையதைவிடத் தாழ்ந்திருந்தால் ஆற்றல் திரும்பி ஓடி வீணாகும். பச்சைக்கு நன்றாக உழைத்த சிபிபி என்ற ஹோஸ்ட், ஃபிர்பிக் என்ற நீல டோபன்ட்டிடம் திணறியது இதனால்தான். சிபிபியின் ட்ரிப்ளெட் சுமார் 2.6 எலக்ட்ரான் வோல்ட், ஃபிர்பிக் அதற்குச் சற்று மேலே. 2003-இல் ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழுவினர் சிபிபிக்குப் பதிலாக எம்சிபி என்ற ஹோஸ்ட்டைப் போட்டுப் பார்த்தார்கள். சிபிபியின் நடுவிலிருந்த பைஃபீனைல் போய் ஒரே பென்சீன் வளையம், இரண்டு கார்பசோலும் மெட்டா நிலையில். இணைவு குறைந்தது, ட்ரிப்ளெட் 2.9-க்கு ஏறியது. நீலத்துக்கு வரையும்போது இன்றும் என் பென்சில் மெட்டாவைத்தான் தேடும்.

ட்ரிப்ளெட் ஆற்றலுக்குக் கணினி தரும் எண்ணோடு நிற்காதீர்கள். கரைசலைத் திரவ நைட்ரஜனில், 77 கெல்வினில் உறையவைத்து அளங்கள். புற ஊதா விளக்கை அணைத்த பிறகும் ஒளி சில நொடி தங்கி மங்கும். கார்பசோலில் வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தத் தங்கும் ஒளியின் நிறமாலையில் உயர் ஆற்றல் பக்கத்து முதல் முகடுதான் நமக்கு வேண்டியது. படலத்திலும் ஒருமுறை அளங்கள். மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கினால் எண் இறங்கிவிடும்.

எம்சிபியிலும் ஒரு தொல்லை உண்டு, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 60 டிகிரியை ஒட்டி. புது ஹோஸ்ட் எதுவானாலும் கண்ணாடித் தகட்டில் படலம் படியவைத்து, ஹாட் பிளேட்டில் 70 டிகிரியில் ஓர் இரவு விட்டு, சாய்த்துப் பிடித்து டார்ச் அடிப்பேன். ஓரத்தில் வெள்ளை மூட்டம் தெரிந்தால் படிகமாகத் தொடங்கிவிட்டது. சாதனம் செய்ய மெனக்கெட மாட்டேன். கார்பசோலின் 3, 6 நிலைகளில் ட்ரைஃபீனைல்சிலைல் கட்டினால் ட்ரிப்ளெட் இறங்காமலே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 100-ஐத் தாண்டும். ஆனால் பருமனான அந்தத் தொகுதிகள் மின்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும், வோல்ட்டேஜ் கூடும்.

கார்பசோல் துளையை நன்றாகக் கடத்தும், எலக்ட்ரானில் சோம்பல். இரண்டையும் ஒரே மூலக்கூறில் கட்ட மல்லுக்கட்டுவதைவிட இரண்டு ஹோஸ்ட்களைச் சேர்த்து ஆவியாக்குவது எனக்குப் பிடிக்கும். விகிதத்தை மாற்றிச் சமன்செய்யலாம்.

தூய்மையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இணைப்பு வினையில் மிஞ்சும் புரோமின் சேர்மம் என்எம்ஆரில் கண்ணில் படாமலே சாதனத்தின் ஆயுளைக் குறைக்கும். கடையில் வாங்கும் கார்பசோலிலேயே அதன் ஐசோமர் சிறிதளவு கலந்திருப்பதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் பதங்கமாக்கிச் சுத்தம் செய்த ஒரே பேட்ச்சில்தான் ஒப்பீட்டுக்கான சாதனங்கள் எல்லாவற்றையும் செய்கிறேன்.