ஒற்றைத் தலைவலிக்கு உடற்பயிற்சி துணை

பள்ளித் திடலில் புறப்பாடப் பயிற்சி தொடங்குகிறது. படிவம் மூன்று மாணவி ஒருத்தி மட்டும் வகுப்பறையில் மேசைமீது தலை சாய்த்துக் கிடக்கிறாள். தலையின் ஒரு பக்கம் விண் விண்ணென்று தெறிக்கிறது. சன்னல் வழியே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது, குமட்டலும் சேர்ந்துகொள்கிறது. “ஓடுவதற்குப் பயந்து நடிக்கிறாள்,” என்று தோழியர் சிலர் கிசுகிசுக்கின்றனர். “இனி உனக்கு விளையாட்டே வேண்டாம்,” என்கின்றனர் வீட்டில் உள்ளவர்கள். இவ்விரண்டு கருத்துகளுமே தவறானவை.

அவளை வாட்டுவது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி. இது நடிப்பன்று, மூளை, நரம்பு தொடர்பான ஒரு நோய். பெரியவர்களுக்கு இவ்வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கலாம். பெயர் ஒற்றைத் தலைவலி என்றாலும், சிலருக்குத் தலையின் இரு பக்கங்களிலும் வலி உண்டாகும். ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது.

முகத்திலும் தலையிலும் ஏற்படும் உணர்வுகளை மூளைக்குக் கொண்டு செல்வது முக்கிளை நரம்பு. இந்நரம்பு தூண்டப்படும்போது, வலியை மிகுவிக்கும் வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. அந்நேரத்தில் படியேறினாலும் வலி கூடும். ஆகவே, வலி வந்தவுடன் இருளான, அமைதியான இடத்தில் ஓய்வெடுப்பதே நல்லது.

ஆனால், வலி இல்லாத நாள்களிலும் அச்சத்தால் அசையாமல் இருப்பது நன்மை தராது. நாளடைவில் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் இறுகுகின்றன; உடல் வலுக் குறைகிறது. பிறகு சிறிது தூரம் ஓடினாலும் உடலுக்குப் பெருஞ்சுமையாகிவிடுகிறது. இந்நிலையை மாற்ற உதவுவதே இயன்முறை மருத்துவம்.

இயன்முறை மருத்துவர் முதலில் நோயாளியின் அன்றாடப் பழக்கங்களைக் கேட்டறிவார். வலி வந்த நாள், நீடித்த நேரம், அன்றைய உணவு, தூக்கம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்வார். கழுத்தின் அசைவையும் அமரும் முறையையும் சோதிப்பார். அதன் பின்னரே அவருக்கு ஏற்ற பயிற்சிகளை வகுப்பார்.

அப்பயிற்சிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதலாவது, இதயத் துடிப்பையும் மூச்சையும் மிதமாகக் கூட்டும் விரைநடை, மிதிவண்டி ஓட்டுதல், நீச்சல் போன்றவை. பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். ஆனால், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். இரண்டாவது, கழுத்துக்கும் தோளுக்கும் உரியவை. நிமிர்ந்து அமர்ந்து முகவாயை மெல்லப் பின்னோக்கி இழுத்தல், தோள்பட்டைகளைப் பின்புறமாக நெருக்கித் தளர்த்துதல் ஆகியவை அவற்றுள் சில.

இவற்றால் பயன் உண்டா? சுவீடன் நாட்டில் பெரியவர்கள் 91 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினர் உடலைத் தளர்த்தும் பயிற்சி செய்தனர். இன்னொரு குழுவினர் தலைவலியைத் தடுக்கும் மருந்தை உட்கொண்டனர். மூன்று மாதங்களில் மூன்று குழுக்களிலும் தலைவலி வரும் தடவைகள் குறைந்தன. குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருந்து உட்கொண்டவர்களுள் சிலருக்குப் பக்க விளைவுகள் தோன்றின. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அவை ஏற்படவில்லை.

எனினும், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை மறந்துவிடக்கூடாது. திடீரென்று கடுமையாக ஓடுவது சிலருக்குத் தலைவலியைத் தூண்டிவிடும். பசியோடும் தாகத்தோடும் வெயிலில் பயிற்சி செய்தாலும் அவ்வாறே நேரலாம். எனவே, உடலைச் சூடேற்றிக்கொண்டு தொடங்க வேண்டும். நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். இறுதியில் வேகத்தை மெல்லக் குறைத்து முடிக்க வேண்டும்.

உடற்பயிற்சி ஒற்றைத் தலைவலியை அடியோடு நீக்கிவிடாது. மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. அதே வேளையில், சாதாரண வலி நிவாரணி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், பல மாதங்கள் தொடர்ந்து விழுங்கினால், அம்மாத்திரைகளே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மேசைமீது தலை சாய்த்த அம்மாணவிக்குத் தேவையானது கேலியுமன்று, தடையுமன்று. வலி வந்த நாளில் ஓய்வெடுக்க இடமும், வலியில்லாத நாளில் திடலைச் சுற்றிப் பத்து நிமிடம் உடன் நடக்க ஒரு தோழியும் கிடைத்தால், அதுவே அவளுக்கு நல்ல தொடக்கமாகும்.