ஆண்டு நடைக்கணக்கும் இடையில் வரும் தடைகளும்

தை பிறந்ததும் புதிய நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, "இந்த ஆண்டு நாள்தோறும் நடப்பேன்" என்று உறுதி கொள்வோர் நம் ஊரில் பலர். மாசி வரையில் நடை ஒழுங்காகச் செல்லும். பின்னர் ஒரு காய்ச்சல், ஒரு குடும்ப விழா, அல்லது சித்திரை வெயில் குறுக்கிடும். பத்து நாள் நடை தவறும். அதன் பிறகு, "போனது போயிற்று, இனி அடுத்த தையில் பார்க்கலாம்" என்று முழுவதுமாக விட்டுவிடுவர். வேறு சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்வர். விட்டுப்போன தொலைவை ஒரே வாரத்தில் ஈடுகட்ட முனைந்து, மூட்டு வலியோடும் கால் புண்ணோடும் மருத்துவமனைக்கு வருவர்.

இவ்விரண்டும் தவறான வழிகளே. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் உடையோர்க்கு நடை ஒரு மருந்துக்கு நிகரானது. மருந்தின் அளவை உடல்நிலைக்கேற்ப மருத்துவர் கூட்டிக் குறைப்பதுபோல், நடையின் அளவையும் ஆண்டு முழுவதும் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய முறையை இப்பாடத்தில் விளக்குகிறோம். நடப்போருக்கும் மெல்ல ஓடுவோருக்கும் இம்முறை பொதுவானது.

1. எவ்வளவு நடந்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலியக்கமோ மேற்கொள்ள வேண்டும். விரைந்த நடை மிதமான இயக்கம். ஓட்டம் கடுமையான இயக்கம். இந்த அளவை எட்ட இயலாதோர் சிறிதளவு நடந்தாலும் பயனுண்டு என்பதையும் அதே வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உடைய பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. ஆகவே பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று முதியோர் மனம் தளர வேண்டியதில்லை.

2. இன்றைய நிலையிலிருந்து தொடங்குதல்

இலக்கை விருப்பத்தைக் கொண்டு வகுக்கக் கூடாது. இன்றைய இயல்பைக் கொண்டே வகுக்க வேண்டும். முதல் இரு வாரங்கள் எந்த இலக்கும் இன்றி, வசதியாக நடக்க முடிந்த தொலைவை மட்டும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். கைப்பேசி அடிகளை எண்ணினால், 1,300 முதல் 1,500 அடியை ஒரு கிலோமீட்டராகக் கொள்ளலாம்.

வேகத்தை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் நடை மெதுவானது. இரண்டு சொல் பேசவே மூச்சு வாங்கினால் நடை அளவு கடந்தது. மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் உண்போர்க்கு நாடித்துடிப்பு இயல்பான அளவுக்கு உயராது. எனவே அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், இந்தப் பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும்.

3. ஆண்டைப் பருவங்களாகப் பகுத்தல்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஐம்பத்தெட்டு வயதுடைய ஒருவர். சர்க்கரை நோய் உண்டு. மருத்துவரின் ஒப்புதலோடு ஆண்டுக்கு 600 கி.மீ. நடக்க விரும்புகிறார். திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கி.மீ. எனக் கொண்டால், அது பழனிக்குப் பத்து முறை நடந்து செல்வதற்குச் சமம். எண்ணிப் பார்க்க மலைப்பாகத் தோன்றும் இத்தொலைவு, பன்னிரண்டு மாதங்களுக்குப் பகுத்தால் மாதத்திற்கு 50 கி.மீ. மட்டுமே.

ஆயினும் எல்லா மாதங்களும் ஒன்றல்ல. திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும், கொசுக்காய்ச்சல்கள் பரவும். ஆகையால் இந்த நான்கு மாதங்களுக்கும் மாதம் 40 கி.மீ. என்றும், ஏனைய எட்டு மாதங்களுக்கு 55 கி.மீ. என்றும் வகுக்கலாம். 160-உம் 440-உம் சேர்ந்து 600 ஆகும். வரக்கூடிய தடையை முன்பே கணக்கில் சேர்த்துவிட்டால், அது வரும்போது மனம் உடைவதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். ஒரே இலக்கை வைக்காமல் மூன்று கோடுகள் வரைந்து கொள்ளுங்கள். மேற்கோடு 600, நடுக்கோடு 500, கீழ்க்கோடு 400. எல்லாம் நன்றாக நடந்தால் மேற்கோடு. சிறு தடைகள் வந்தால் நடுக்கோடு. பெருந்தடை வந்தாலும் கைவிடாதது கீழ்க்கோடு.

4. தடை வந்தபின் கணக்கைத் திருத்துதல்

மேற்கூறியவர் வைகாசி முடிய, திட்டப்படி 245 கி.மீ. நடந்துவிட்டார். ஆனியில் புதிய செருப்பு கடித்து, பாதத்தில் புண் உண்டாகிறது. சர்க்கரை நோயாளிக்குப் பாதப்புண் சிறு செய்தியன்று. உணர்ச்சி குறைந்த பாதத்தில் வலி தெரியாது. புண்ணின் மேல் தொடர்ந்து நடந்தால் அது ஆழமாகி, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டு செல்லலாம். எனவே அவர் ஆறு வாரம் நடையை நிறுத்த நேர்கிறது. ஆனியில் தொலைவு ஏதுமில்லை. ஆடியில் புண் ஆறியபின் 10 கி.மீ. மட்டுமே. மொத்தம் 255 கி.மீ.

எஞ்சிய 345 கி.மீ. தொலைவை ஐந்து மாதங்களில் முடிக்க வேண்டுமெனில் மாதம் 69 கி.மீ. நடக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் 55 கி.மீ. நடந்தவர், தளர்ந்த உடலோடும் புதுத்தோல் மூடிய பாதத்தோடும் 69 கி.மீ. நடப்பது எங்ஙனம்? கணக்கை ஈடுகட்ட முயல்வதே இங்கு பேரிடர். ஆறிய புண் மீண்டும் திறக்கும் வாய்ப்பு மிகுதி.

திருத்திய கணக்கு இவ்வாறு அமையலாம்: ஆவணி 25, புரட்டாசி 35, ஐப்பசி 40, கார்த்திகை 40, மார்கழி 50. மொத்தம் 190. முன்பு நடந்த 255-ஐயும் சேர்த்தால் 445 கி.மீ. இது கீழ்க்கோட்டுக்கு மேலே நிற்கிறது. விட்டுப்போன 155 கி.மீ. கடனன்று, அதை யாருக்கும் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. காலைக் காப்பாற்றியதே அவ்வாண்டின் பெரிய வரவு.

இதிலிருந்து பெறும் விதிகள் மூன்று. தவறிய தொலைவை வரும் வாரங்களில் சேர்க்காதீர்கள். மீண்டும் தொடங்கும்போது முன்பு நடந்ததில் பாதியையோ அதற்கும் குறைவாகவோ நடந்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். காய்ச்சலுக்குப் பின் உடல்சூடு தணிந்து, பசி திரும்பி, வீட்டு வேலைகளைக் களைப்பின்றிச் செய்ய முடிந்த பின்னரே நடையைத் தொடங்குங்கள். டெங்குவுக்குப் பிந்திய களைப்பு சில வாரங்கள் நீடிக்கக்கூடும். ஆஞ்சியோபிளாஸ்டி, இதய அறுவை, எலும்பு முறிவு ஆகியவற்றின் பின் தொடங்கும் நாளை மருத்துவரே குறிக்க வேண்டும்.

5. இழந்த வலிமை திரும்புமா?

திரும்பும். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய நலமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் முழுப் படுக்கையில் வைத்து ஆய்ந்தனர். அவர்களின் இதயமும் உடலும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஆற்றல் பெரிதும் குறைந்தது. பின்னர் அளித்த பயிற்சியில் அது மீண்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி ஆய்ந்தபோது, முப்பது ஆண்டு மூப்பு விளைத்த குறைவைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை விளைத்த குறைவே மிகுதி எனத் தெரிந்தது. ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்து, மூப்பினால் இழந்த அந்த ஆற்றலை மீட்டனர்.

இவ்வாய்வு இரண்டு செய்திகளைத் தருகிறது. படுக்கை உடலை விரைவில் தளர்த்தும். ஆதலால் மருத்துவர் எழச் சொன்ன நாளில் எழ வேண்டும். தளர்ந்த உடல் மீளும். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும்.

நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், 2004-இல் நேர்ந்த சாலை விபத்தில் காலில் கடுமையான காயமுற்றவர். சர்க்கரை நோயும் உடையவர். பின்னாளில் 21.1 கி.மீ. தொலைவுள்ள அரை மாரத்தான் ஓட்டங்களை நூற்றுக்கும் மேல் நிறைவு செய்தார். 'ஓடலாம் வாங்க' என்னும் நூலும் எழுதியுள்ளார். விபத்துக்கும் அந்த ஓட்டங்களுக்கும் இடையே பல ஆண்டுகள் உள்ளன என்பதை வாசகர் மறத்தலாகாது. அவர் ஓடிய தொலைவைப் பின்பற்றத் தேவையில்லை. அவர் காத்திருந்த காலத்தைப் பின்பற்றலாம்.

6. பொது நடையும் பாதயாத்திரையும்

'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தமிழகமெங்கும் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதை வகுக்கப்பட்டது. புதியவர்கள் முதல் நாளிலேயே எட்டையும் முடிக்க வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் சென்று திரும்பினாலும் கணக்கில் இரண்டு சேரும்.

தைப்பூசத்தை ஒட்டி நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்கு நடந்து செல்வோர் பல்லாயிரவர். உங்கள் வேண்டுதலைத் தடுப்பது எங்கள் நோக்கமன்று. ஆண்டு முழுதும் நடவாதவர் இரண்டு நாளில் 60 கி.மீ. நடப்பதையே வேண்டாம் என்கிறோம். ஆவணியிலிருந்தே படிப்படியாக நடந்து பழகி, மார்கழியில் மருத்துவரைக் கண்டு ஒப்புதல் பெறுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடத்தல் கூடாது. பழகிய காலணியை அணிந்து, ஒவ்வொரு தங்கலிலும் பாதத்தைப் பிறர் பார்க்கச் செய்யுங்கள். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை கொள்வோர்க்கு நெடுநடையில் சர்க்கரை அளவு மிகத் தாழலாம். சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, மயக்கம், திடீர்ப் பசி தோன்றினால் உடனே உட்கார்ந்து அதை உண்ணுங்கள்.

7. நடையை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி. தோள், இடக்கை, தாடைக்குப் பரவும் வலி. வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல். கண் இருண்டு வருதல். உடனே அமர்ந்து 108-ஐ அழையுங்கள்.
• ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தல். இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.
• நடந்தால் ஆடுசதையில் வலி, நின்றால் நீங்குதல். காலின் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம்.
• பாதத்தில் கொப்புளம், நிறமாற்றம், நீர்க்கசிவு. வலி இல்லாவிடினும் காட்டுங்கள்.

8. குடும்பத்தார்க்கு

"இன்று ஏன் நடக்கவில்லை?" என்ற கேள்வி நோயாளியைக் குற்றவாளியாக்கும். "வாருங்கள், தெருமுனை வரை போய் வருவோம்" என்ற அழைப்பு அவரை எழச் செய்யும். சர்க்கரை நோயாளியின் பாதத்தை நாள்தோறும் விளக்கொளியில் பார்ப்பதையும், நாட்காட்டியில் தொலைவைக் குறிப்பதையும் வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்வது நன்று. தடைக்காலத்தில் கணக்கைத் திருத்தும்போது அருகில் அமருங்கள். இலக்கைக் குறைப்பது தோல்வி என்று வீட்டில் எவரும் சொல்லாதிருத்தல் வேண்டும்.

பயிற்சி

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதுங்கள். கடந்த இரு வாரங்களில் நடந்த தொலைவைக் கொண்டு மாத அளவைக் கணியுங்கள். வெயில், மழை மாதங்களுக்குக் குறைத்து வகுங்கள். மூன்று கோடுகளை வரையுங்கள். அத்தாளை அடுத்த மருத்துவ ஆலோசனையின்போது மருந்துச் சீட்டோடு கொண்டு வாருங்கள். மருத்துவரோடு சேர்ந்து பார்த்து, வேண்டிய இடத்தில் திருத்தித் தருவோம். திருத்தங்கள் நிறைந்த தாள், நடை இன்னும் தொடர்கிறது என்பதற்குச் சான்று.