பேனாவைப் பற்றும் கவ்வி

கடைசல் இயந்திரத்தில் ஒரு தண்டு வேகமாகச் சுழல்கிறது. உளி பட்டதும் மெல்லிய சுருள்கள் உதிர்கின்றன. சற்று நேரத்தில் அத்தண்டு பேனாவின் உடலாக உருப்பெறுகிறது. பார்ப்பவரின் கண் உளியின்மீதே இருக்கும். ஆனால், தண்டை இறுகப் பற்றியிருக்கும் கவ்வியும் அப்பேனாவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பட்டறைகளில் இதனைச் ‘சக்’ என்பர்.

தமிழ்நாட்டின் திருவள்ளூரிலும் ஆந்திராவின் ராஜமுந்திரியிலும் கையால் கடையப்படும் பேனாக்கள் இன்றும் உருவாகின்றன. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் செய்த பேனாவைப் பயன்படுத்திய காந்தியடிகள், 1935-இல் அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். இத்தகைய பேனாக்கள் பலவும் எபனைட் தண்டிலிருந்து கடையப்படுகின்றன. ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கடினப் பொருளே எபனைட். பட்டர்வொர்த்தைச் சூழ்ந்த செபராங் பிறைத் தோட்டங்களில் தமிழர் பலர் பால்மரம் சீவினர். அவர்கள் அறிந்த ரப்பரே எழுதும் கருவியாகவும் மாறுகிறது.

பேனாவின் உடலும் மூடியும் தனித்தனியே கடையப்படுகின்றன. பிறகு மரையால் ஒன்றோடொன்று இணைகின்றன. கடையும்போது தண்டின் மையம் சிறிது விலகினாலும், துளையைச் சுற்றியுள்ள சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். மூடி கோணலாக அமரும். மெலிந்த பக்கம் விரைவில் வெடிக்கவும் கூடும். எனவே, பொருத்தமான கவ்வியைத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

மூன்று தாடைக் கவ்வியில் தாடைகள் மூன்றும் ஒன்றாக நகரும். உருண்டைத் தண்டை விரைவாகப் பொருத்தலாம். ஆயினும், தாடைகள் தேய்ந்திருந்தால் மையம் விலகும். மிகுதியாக இறுக்கினால் தண்டில் தழும்பு விழும். நான்கு தாடைக் கவ்வியில் ஒவ்வொரு தாடையையும் தனியே நகர்த்தும் வகை உண்டு. சதுர மரக்கட்டையையும் அது பற்றும். மையத்தையும் துல்லியமாகச் சரிசெய்யலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கும்.

காலெட் கவ்வியில் பிளவுகள் கொண்ட உலோகக் குழல் ஒன்று தண்டைச் சுற்றிலும் அணைத்துப் பற்றுகிறது. அழுத்தம் பரவுவதால் தழும்பு குறையும். மையமும் நன்கு அமையும். இதனால் பேனா கடைபவர் பலரும் இதனையே விரும்புவர். ஒரு குழல் குறுகிய அளவு வரம்பையே பற்றும் என்பது இதன் குறை. 16 மில்லிமீட்டர் தண்டுக்கு ஒரு குழலும் 13 மில்லிமீட்டர் தண்டுக்கு வேறொரு குழலும் தேவை. தொடக்கத்தில் தேவையான இரண்டு மூன்று அளவுகளை வாங்கினாலே போதும்.

வாங்குமுன், கவ்வியின் மரை இயந்திரத்தின் சுழல்தண்டு மரையோடு பொருந்துகிறதா எனப் பார்க்க வேண்டும். சிறிய இயந்திரத்தில் கனமான கவ்வியை மாட்டினால் அதன் தாங்கிகள் விரைவில் தேயும்.

எந்தக் கவ்வியாயினும் பாதுகாப்பே முதன்மையானது. இறுக்கும் சாவியைக் கவ்வியிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை இயக்கினால், அது எகிறிப் பறந்து கண்ணையோ முகத்தையோ தாக்கும். எனவே, சாவியை எடுத்த பின்னர், கையால் ஒருமுறை சுழற்றிப் பார்த்த பிறகே இயக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், தளர்ந்த சட்டைக் கையை மடிப்பதும், நீண்ட கூந்தலைக் கட்டுவதும் கட்டாயம். சுழலும் இயந்திரத்தருகே கையுறை கூடாது.

எழுதுபவர் கையில் பேனா சரியாக அமர, அதைக் கடைந்தபோது தண்டைப் பிடித்த கவ்வியும் சரியாக அமைந்திருக்க வேண்டும்.