பிள்ளை பெற்ற தாய்க்குப் பக்கவாதமா?



பக்கவாதம் என்றதும் நரைத்த தலையும், இரத்தக் கொதிப்பும், சர்க்கரை வியாதியும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இருபது, முப்பது வயதிலும் பக்கவாதம் வருகிறது. அந்த வயதில் காரணம் பல வேளைகளில் வேறாயிருக்கும். காரணம் வேறானால் சிகிச்சையும் வேறாகும். நம் நாட்டு இளம் தாய்மாரைத் தாக்கும் அப்படிப்பட்ட ஒரு காரணத்தை இந்த மாத மருத்துவப் பாடத்தில் படிப்போம்.

வடிகால் அடைத்தால்

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் தமனி. அங்கிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை. முதியவர்களுக்குப் பெரும்பாலும் தமனி அடைக்கும், அல்லது வெடிக்கும். இந்த நோயிலோ அடைபடுவது சிரை. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்துகொண்டேயிருக்க, வடிகால் மட்டும் அடைத்துக்கொண்டால் வயல் என்னவாகும்? மூளைக்கும் அதுவே நடக்கிறது. இரத்தம் தேங்கி, மூளை வீங்கி, சிலருக்கு உள்ளே இரத்தக் கசிவும் உண்டாகிறது.

பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய்விடாதபடி, கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. தேவன் தாய்க்கு வைத்த பாதுகாப்பு அது. பிரசவமாகி ஏறக்குறைய ஆறு வாரம் அது நீடிக்கும். அதோடு நீர்ச்சத்துக் குறைவு, இரத்தசோகை, தொற்று ஆகியவை சேர்ந்தால் பாதுகாப்பே ஆபத்தாகலாம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை இரத்தக் குழாய் அடைத்த 135 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1983-லேயே நம் நாட்டிலிருந்து வெளியானது.

"பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், புண் ஆறாது" என்று பிரசவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் தவறு. பால் கொடுக்கும் தாய்க்கு மற்றவர்களைவிட அதிகத் தண்ணீர் வேண்டும்.

எச்சரிக்கும் அடையாளங்கள்

நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், நினைவு தடுமாறுதல். பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசியால் வரும் தலைவலி படுத்தால் குறையும். இது படுத்தாலும் குறையாது. சிலருக்குக் கூடவும் செய்யும். வலிப்பு வந்ததும் "பிரசவ ஜன்னி" என்றும், "காற்று சேஷ்டை" என்றும் சொல்லி மந்திரிக்கக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அப்படிக் கழியும் ஒவ்வொரு நாளும் தாயின் உயிரோடு விளையாடும் நாள்.

சிகிச்சை உண்டா?

உண்டு. சாதாரண சி.டி. ஸ்கேனில் சிலருக்கு ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யோடு சிரைகளைக் காட்டும் வெனோகிராம் எடுத்தால் அடைப்பு தெரியும். மூளையில் கசிவு இருக்கும்போது உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போடலாமா என்று மருத்துவர்கள் ஒரு காலத்தில் தயங்கினார்கள். 1991-இல் ஜெர்மனியில் 20 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. ஹெப்பரின் பெற்ற 10 பேரில் 8 பேர் முழுச் சுகம் அடைந்தார்கள், ஒருவரும் இறக்கவில்லை. அது பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். ஒருவரே முழுச் சுகம் அடைந்தார். 2004-இல் வெளியான, பல நாடுகளைச் சேர்ந்த 624 பேரைப் பற்றிய ஆய்வில், பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் நல்ல சுகம் பெற்றிருந்தார்கள்.

ஊசிக்குப் பின் சில மாதங்கள் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். இந்நோய் வந்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். அடுத்த கர்ப்பம் உண்டானால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வேறு காரணங்கள்

சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, அங்கே உறைந்த இரத்தக் கட்டி மூளைக்குப் போகலாம். காசநோய் மூளைக்காய்ச்சல் தமனிகளைச் சுருக்கி அடைக்கலாம். விபத்திலோ, கழுத்தைப் பலமாகத் திருகுவதிலோ கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழியலாம். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. ஆகவே இளம் வயதில் பக்கவாதம் வந்தால், "தலைவிதி" என்று படுக்கையில் விட்டுவிடாமல், காரணத்தைத் தேட வேண்டும்.

நம் பங்கு

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்பாக இறக்கினார்கள். அவன் தானாக வரக்கூடியவன் அல்ல. நோயுற்ற தாயும் அப்படியே. ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், ஒருவர் வண்டி பிடிக்க வேண்டும், ஒருவர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவர் ஸ்கேன் செலவைத் தாங்க வேண்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கை அந்த நாலாவது கை. முதல் கையாகவும் இருங்கள்: இந்தப் பாடத்தை உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் பிரசவித்த தாய் ஒருத்தி இருந்தால், ஒரு செம்பு தண்ணீரோடு போய் அவளை நலம் விசாரியுங்கள்.

இளம் தாய்மாருக்காகவும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவர், செவிலியருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.