மீட்டர் ஓடும் கணினி: கிளவுட் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கிளவுட் வேலைக்கான நேர்காணல் பெரும்பாலும் 'கிளவுட் என்றால் என்ன?' என்ற கேள்வியில்தான் தொடங்கும். "இன்டர்நெட்டில் டேட்டாவைச் சேமித்து வைப்பது" என்று சொல்கிறவர் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். அது மட்டுமே கிளவுட் என்றால் 1996-ல் வந்த ஹாட்மெயிலையும் அப்படி அழைத்திருக்க வேண்டும். ஒரு சர்வர் வேண்டும் என்றால் யாரிடமும் கேட்காமல் சில நிமிடங்களில் எடுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் விட்டுவிடலாம், ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு கொடுக்கலாம். இதைச் சொன்னாலே பாதி நேர்காணல் முடிந்தது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011-ல் வெளியிட்ட வரையறையிலும், பயன்பாட்டை அளந்து கணக்கிடுவது ஐந்து இலக்கணங்களில் ஒன்று. வேலைக்குச் சேரப்போகிறவர் மற்ற நான்கைவிட இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த 'அளந்து விற்கும்' யோசனை புதிதல்ல. 1950-களில் கணினி என்றால் ஒரு பெரிய அறை. நிரலைத் துளை அட்டைகளில் ஏற்றி ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் மறுபடி வரிசை. 1961-ல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே இயந்திரம் தன் நேரத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுப் பல டெர்மினல்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் அது தனக்கே உரிய கணினி போலத் தோன்றியது. அதே ஆண்டு அங்கே பேசிய கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுச் சேவையாக விற்கப்படலாம் என்றார். அந்த வழியில் கணினி நேரத்தை விற்கும் நிறுவனங்களும் அமெரிக்காவில் தோன்றின.

பிறகு கதை திசை மாறியது. சில்லுகள் மலிந்தன. 1981-ல் ஐ.பி.எம். பிசி வந்ததும் ஆளுக்கொரு கணினி மேசைமேல் ஏறியது. அலுவலகங்களில் சர்வர் அறைகள் முளைத்தன. புது சர்வர் வேண்டுமென்றால் கொட்டேஷன், ஒப்புதல், கொள்முதல், டெலிவரி என்று வாரக்கணக்கில் இழுக்கும். வந்த சர்வரில் ஒரே ஒரு அப்ளிகேஷனை ஏற்றுவார்கள்; மற்ற நேரமெல்லாம் அது மின்சாரம் குடித்துக்கொண்டு சும்மா நிற்கும். தீபாவளி விற்பனைக்கு வாங்கிய சர்வருக்குப் பொங்கலுக்குப் பிறகு வேலையிருக்காது.

இந்த வீணடிப்புக்கு மருந்து மெய்நிகராக்கம் (விர்ச்சுவலைசேஷன்). ஒரே இயந்திரத்தைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும் இந்த வித்தையை ஐ.பி.எம். தன் மெயின்ஃப்ரேம்களில் 1972-லேயே வி.எம்./370 என்ற பெயரில் விற்றது. சாதாரண இன்டெல் சில்லுகளில் அதைச் செய்வது கடினம் என்று கருதப்பட்டது. 1998-ல் தொடங்கிய வி.எம்.வேர் அதைச் சாதித்து, அடுத்த ஆண்டே விற்பனைக்கும் கொண்டுவந்தது. இன்றைய கிளவுட்டின் அஸ்திவாரம் இதுதான். விர்ச்சுவல் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் சர்வீஸ் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள், ஒரு கம்பெனியின் கிளவுட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது திணறுவது இதனால்தான்.

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்பகத்தை ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட் என்று திறந்தது. ஆகஸ்டில் இசி2 வந்தது. ஒரு சர்வர், மணிக்கு 10 சென்ட். இந்த விலைப்பட்டியல் என்ன செய்தது என்பதற்கு அடுத்த ஆண்டே நியூயார்க் டைம்ஸ் சாட்சி சொன்னது. தன் பழைய இதழ்களின் 1.1 கோடிக் கட்டுரைகளை ஸ்கேன் படங்களிலிருந்து பிடிஎஃப் ஆக்க, 100 சர்வர்களை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது. செலவு சில நூறு டாலர்கள்தான். 100 சர்வர்களை வாங்கச் சொல்லி யார் நிர்வாகத்திடம் போயிருப்பார்கள்? கூகுள் 2008-ல் ஆப் எஞ்சினோடு வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் 2010-ல் முழு விற்பனைக்கு வந்தது. 2015-லேயே சென்னையில் அஸூரின் டேட்டா சென்டர் இயங்கத் தொடங்கியது. அமேசான் 2016-ல் மும்பைக்கும் 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்தது.

எதை வாடகைக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வகைகள் உண்டு. வெறும் சர்வர் என்றால் ஐ.ஏ.ஏ.எஸ்.; நிரலை மட்டும் கொடுத்தால் ஓட்டித் தருவது பி.ஏ.ஏ.எஸ்.; மென்பொருளையே சந்தாவுக்குத் தருவது எஸ்.ஏ.ஏ.எஸ். சென்னையிலிருந்து இயங்கும் ஸோஹோ மூன்றாம் வகை. அதைச் சொந்த டேட்டா சென்டர்களிலிருந்தே நடத்துகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கிளவுட் கம்பெனி எல்லாம் அமேசானில்தான் ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். அலுவலகத்தில் உங்கள் முன் வந்து நிற்கப்போகிறவை மூன்று: பில், பாதுகாப்பு, கோளாறு.

பில்லில் ஆச்சரியங்கள் நிறைய. சர்வரை நிறுத்தி வைத்தாலும் அதன் டிஸ்க்குக்கு வாடகை ஓடும். டேட்டாவை உள்ளே ஏற்றுவது இலவசம். வெளியே எடுத்தால் கட்டணம். 2024 பிப்ரவரி முதல் அமேசான் பொது ஐபி முகவரிக்குக்கூட மணிக்கணக்கில் காசு வாங்குகிறது. பில்லைப் படித்து, எங்கே கசிகிறது என்று காட்டத் தெரிந்த புதியவரை எந்த மேனேஜரும் விடமாட்டார். இதற்கென்றே ஃபின்ஆப்ஸ் என்று ஒரு வேலைப் பிரிவு வளர்ந்திருக்கிறது.

பாதுகாப்பில் பொறுப்பு இரு பக்கமும் உண்டு. கட்டடமும் இயந்திரமும் கிளவுட் நிறுவனத்துடையவை. யாருக்கு எந்த அனுமதி என்பது உங்களுடையது. 2019-ல் கேப்பிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடுபோனதற்கு, வங்கித் தரப்பில் தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால்தான் வாசலாக இருந்தது.

கோளாறுக்கு ஓர் உதாரணம்: 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் ஊழியர் ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாக உள்ளிட, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்றன. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் எஸ்3 சில மணி நேரம் முடங்கியது. சேவைகளின் நிலையைக் காட்டும் பலகையே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், அதில் சிவப்பு விளக்கைக்கூட எரியவிட முடியவில்லை!

படிப்புக்கு என் யோசனை இது. முதலில் லினக்ஸ். பிறகு நெட்வொர்க்: ஐபி முகவரி, சப்நெட், டி.என்.எஸ். அதன்பின் கொஞ்சம் பைதான். இவற்றுக்குப் பிறகே அமேசானோ அஸூரோ கூகுளோ ஏதாவது ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். டாக்கர், குபெர்னெட்டிஸ் எல்லாம் அடுத்த படி. அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர், மைக்ரோசாஃப்ட்டின் ஏஇஸட்-900 போன்ற சான்றிதழ்கள் ரெஸ்யூமை ஹெச்ஆர் மேசையைத் தாண்ட வைக்கும். வேலையை வாங்கித் தராது. நீங்களே ஒரு சிறு வலைத்தளத்தை ஏற்றி, அதை வேண்டுமென்றே விழவைத்து, பேக்கப்பிலிருந்து மீட்டு, அதற்கு எவ்வளவு செலவானது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நேர்காணலில் அந்த ஒரு பக்கம் இரண்டு சான்றிதழ்களுக்குச் சமம். பாஸ்வேர்டையும் ஆக்சஸ் கீயையும் கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். அவற்றைத் தேடுவதற்கென்றே அங்கே பாட்கள் சுற்றுகின்றன.

கணக்குத் தொடங்கிய அன்றே, முதல் சர்வரை இயக்கும் முன்பே, இரட்டைச் சரிபார்ப்பையும் பட்ஜெட் எச்சரிக்கையையும் வைத்துவிடுங்கள். செலவு வரம்பைத் தாண்டினால் அந்த எச்சரிக்கை மெயில்தான் அனுப்பும், சர்வரைத் தானாக நிறுத்தாது. பயிற்சி முடிந்ததும் சர்வரையும் டிஸ்க்கையும் அழித்துவிட்டு, மறுநாள் பில்லை ஒருமுறை திறந்து பாருங்கள்.