திறப்பும் வரிச்சுருளும்

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் நம்மவர் நினைவில் எழுவது மின்சாரமே. மலைநாட்டு நீர்வலியால் மின் ஆக்கலாமென 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவர் பெயர் பூண்ட மின்நிலையம் 1965இல் அங்கே இயங்கத் தொடங்கிற்று. அத்தகைய நிலையங்களிற் பெரு மின்னோட்டத்தைச் சிறு மின்னோட்டமே ஆள்கின்றது. அத்தத்துவம் கொழுந்து ஏற்றும் லொறியினுள்ளும் தொழிற்படுவதை ஈண்டு ஆராய்வோம்.

இயந்திரத்தைச் சுழற்றித் தொடக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100 அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் வேண்டும். பார வண்டிகட்கு இன்னும் மிகுதி. திறப்பிலுள்ள சிறிய ஆளி அதனைத் தாங்காது. ஆதலின், திறப்பைத் திருப்பியதும் மெல்லிய கம்பியொன்றின் வழியே சிறு மின்னோட்டம் வரிச்சுருளை அடைகின்றது. அங்கே தோன்றும் காந்தப்புலம் மெல்லிரும்புத் தண்டை உள்ளிழுக்கின்றது. அத்தண்டு இரு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று, நெம்பை அசைத்துச் சிறு பற்சில்லைப் பறப்புச்சில்லின் பற்களோடு பொருத்துதல். மற்றொன்று, செப்புத்தட்டால் இரு பெருமுனைகளை இணைத்து, பற்றரியின் மின்னை மோட்டாருக்கு விடுதல்.

பெரும்பாலான வண்டிகளில் இரு சுருள்கள் உள. இழுக்குஞ் சுருளின் மறுமுனை மோட்டாரோடு இணைந்தது. செப்புத்தட்டு பொருந்தியதும் அதன் இருமுனைகளும் ஒரே அழுத்தத்தை அடைதலால் அது ஓய்ந்துவிடும். பின்னர் தண்டைத் தாங்கி நிற்பது பிடிக்குஞ் சுருளே.

இனிப் பழுதறிதல். செவியும் முன்விளக்குமே முதற் கருவிகள். விளக்கு நன்கு எரிந்தும் ஓசையே இல்லையெனில், திறப்பின் ஆளியையும் சிறு கம்பியையும் நோக்குக. ஒருமுறை ‘டக்’ என்று ஒலித்து, விளக்கு மங்காதிருப்பின், செப்புத்தட்டு கருகியிருக்கலாம். மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்தும் இருக்கலாம். இடைவிடாது ‘டக் டக்’ என ஒலிப்பின், பற்றரி தளர்ந்தது, அல்லது இணைப்பொன்று கெட்டது எனலாம். செப்புத்தட்டு பொருந்தியதும் அழுத்தம் வீழ்கின்றது; தண்டு விடுபடுகின்றது; அழுத்தம் மீண்டதும் மறுபடியும் இழுபடுகின்றது.

வோல்ற்றுமானி ஐயம் தீர்க்கும். 12 வோல்ற்று வண்டியில், ஒருவர் திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றவர் அளத்தல் வேண்டும். பற்றரியின் எதிர்முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால், புவித்தொடுப்பு பழுதுற்றது. மூடுபனியும் மழையும் நீங்காத மலைப்புறத்தில் இம்முனைகள் எளிதிற் பாசிபிடிக்கும். அவற்றைச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் உயிர்பெறும். அதனைச் செய்யாது புதிய வரிச்சுருள் வாங்குவது வீண்செலவு.

ஓர் எச்சரிக்கை. வரிச்சுருளின் முனைகளைத் திருப்புளியால் இணைத்து இயந்திரத்தைத் தொடக்குவாருளர். கியர் விழுந்திருப்பின், வண்டி அக்கணமே பாய்ந்து, அருகில் நிற்பவரை நசுக்கிவிடும். சரிவிலோ ஆபத்து இருமடங்கு. சோதிக்குமுன் கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கைத்தடையை இறுக்கிச் சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் இன்றியமையாதது. கழற்றுமுன் பற்றரியின் எதிர்முனையை விடுவித்தலும் வேண்டும்.

இறக்கத்தில் தள்ளித் தொடக்கலாமென்று பழுதை நாட்கடத்துவோர், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு சமதரையில் நிற்க நேருமென்பதை எண்ணிப்பார்ப்பாராக. தானியங்கிக் கியர் வண்டிக்கோ அவ்வழியும் இல்லை. பொருளை மாற்றுமுன் மின் செல்லும் பாதையைப் படிப்படியாய் ஆராய்வதே வகுப்பறையிற் கற்ற பௌதிகத்தின் பயன்.