நெய்தவர் கையும் விற்பவர் கடையும்

காஞ்சிபுரத்துத் தெருக்களில் காலை வேளையில் நடப்போர்க்கு இருவகை ஓசைகள் கேட்கும். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராசப் பெருமாள் கோயில்களின் மணியோசை ஒன்று. வீடுகளினுள்ளிருந்து எழும் தறியோசை மற்றொன்று. பல்லவரின் தலைநகராய் விளங்கிய இந்நகரின் பெயரை இன்று நாடெங்கும் கொண்டு செல்வது பட்டுச் சேலையேயாகும். ஆயினும், அச்சேலைக்குரிய பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகையின் பெரும்பகுதி சூரத்து நகரிலிருந்து வருகிறது. காஞ்சியில் விளைவது பட்டன்று, கைத்திறனே.

அத்திறன் எளிதில் வாய்ப்பதன்று. சேலையின் உடல் ஒரு நிறமாகவும் இருபுறக் கரைகளும் வேறு நிறமாகவும் அமைய, அவற்றைப் பிரியாவண்ணம் கோத்து நெய்வதைக் கோர்வை என்பர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் தறியில் அமர்ந்திருக்க, துணைவர் ஒருவர் அருகிருந்து கரை நாடாவைத் தள்ளித் தருவார். முந்தானையும் வேறு நிறமாக அமையவேண்டுமாயின், பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைக்கும் நுண்வேலை ஒன்றும் உண்டு. அதற்குப் பேட்னி என்று பெயர். வேலைப்பாட்டிற்கேற்ப ஒரு சேலை முடியப் பத்து நாள்களும் ஆகும். ஒரு திங்களும் ஆகும்.

இவ்வளவு திறன் படைத்தவர் தம் சேலையைத் தாமே விற்றுப் பயனடையலாகாதோ என்று எவர்க்கும் ஐயம் எழும். விற்பது அரிது என்பதே உண்மை. பட்டும் சரிகையும் வாங்க முதற்பணம் வேண்டும். சேலை முடிந்தபின்னும், திருமணத்திற்குப் பட்டு எடுக்க வருவோர் நெசவாளர் வாயிலைத் தேடி வருவதில்லை, பெருங்கடைகளுக்கே செல்கின்றனர். ஆதலால் முதல் உடையவர் ஒருவர் நூலும் சரிகையும் கொடுத்து, கூலிக்கு நெய்து தரச் செய்து, சேலையைத் தாம் விற்றுக்கொள்ளும் முறை வேரூன்றியது. நெசவாளர் முன்பணம் வாங்கிவிட்டால், அது தீரும்வரை வேறொருவர்க்கு நெய்ய இயலாது. தறி அவர் வீட்டில் இருந்தாலும் அவர் கூலியாளரே. ஆயினும் இம்முதலாளிகள் அனைவரையும் கொடியோர் என்று கூறுவது நேர்மையாகாது. விற்காத சரக்கின் நட்டத்தை ஏற்பவரும், எவ்வூரார் எந்நிறத்தை விரும்புவர் என்று அறிந்தவரும் அவரே.

இந்நிலைக்கு மாற்றுத் தேடியோருள் முற்பட்டோர் இங்கிலாந்து நாட்டினர். 1844-ஆம் ஆண்டில் ராச்டேல் என்னும் ஊரில் 28 தொழிலாளர் ஒன்றுகூடிச் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரே வாக்கு, இலாபம் உறுப்பினர்க்கே. இந்தியாவில் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கும், 1912-ஆம் ஆண்டுச் சட்டம் ஏனைய சங்கங்களுக்கும் வழிவகுத்தன. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் எனப்படும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. காஞ்சியிலும் காமாட்சி அம்மன் பெயராலும், அந்நகரில் நெசவாளர் குடியில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பெயராலும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கி வருகின்றன. சங்கம் உறுப்பினர்க்குப் பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறது. நெய்த சேலையை ஒப்படைக்கும் நாளில் அதையும் அவர் கண்முன்னே தராசில் இட்டு நிறுத்துக் கூலி வழங்குகிறது. சரக்குத் தேங்கும் காலங்களில் உறுப்பினர்க்கு வேலை குறைவது இம்முறையின் தீராத குறையாகும்.

இனி, நூலும் சரிகையும் இன்றி உருவாக்கப்படும் பொருள் ஒன்றுண்டு. கணினியையும் கைப்பேசியையும் இயக்கும் மென்பொருளே அது. அதனையும் ஒருவர் தம் வீட்டில் தனித்திருந்து ஆக்கலாம். ஒரு சேலை விற்றால் மற்றொன்று நெய்யவேண்டும். மென்பொருளையோ ஒருமுறை ஆக்கிவிட்டால் இலட்சம் படிகள் எடுப்பினும் கூடுதல் செலவு மிகச் சிறிதே. ஆனால் விற்ற பின்னும் அதனைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். விற்ற சேலைக்கு அத்தொல்லை இல்லை. வாங்குவோரைக் கண்டடைவது மட்டும் இருவர்க்கும் ஒன்றுபோலவே கடினமாயிற்று. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான ஆண்ட்ரூ ஃபுளூகல்மன், ஜிம் நாஃப் என்னும் இருவர் தம் மென்பொருள்களை எவரும் படியெடுத்துக் கொள்ள விட்டு, பயன்பட்டால் பணம் அனுப்புக என்று மட்டும் வேண்டினர். வியப்பு யாதெனின், பலர் அனுப்பவும் செய்தனர்.

2008-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளோடு இணையக் கடை ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனமும் தன் கடையைத் திறந்தது. ஆக்கியவர் செயலியை அனுப்புவார். கடையார் ஆராய்ந்து காட்சிக்கு வைப்பர். வாங்குவோர் கொடுக்கும் பணத்தைத் தாமே பெற்று, 100 ரூபாய்க்கு 30 ரூபாய் எடுத்துக்கொண்டு எஞ்சியதை ஆக்கியவர்க்கு அளித்தனர். காஞ்சிபுரத்தில் இருப்பவர் கனடாவில் இருப்பவர்க்கு விற்பது இதனால் எளிதாயிற்று. முன்பின் அறியாத ஒருவரிடம் வாங்க அஞ்சுவோர், கடையின் பெயரை நம்பி வாங்கினர். இந்நன்மை சிறிதன்று.

ஆயினும் கடை ஒருவருடையதாகவும், கடைக்குச் செல்லும் வழியும் அவருடையதாகவும் இருந்தால் விலை பேசுவது யார்? பல நாடுகளில் இவ்வினா வழக்காயிற்று. 2021-இல் இரு நிறுவனங்களும் சிறு விற்பனையாளர்க்கு அப்பங்கை 100-க்கு 15 எனக் குறைத்தன. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், பணம் பெறும் முறையில் கூகுள் தன் மேலாண்மையைத் தவறாகப் பயன்படுத்தியதெனக் கூறி 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2025-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தொகையைப் பெரிதும் குறைத்தது. 2024 மார்ச்சு 1-ஆம் நாள், கட்டணம் பற்றிய பூசலில் இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி நிறுவனத்தின் செயலியும் அவற்றுள் ஒன்று. சில நாள்களில் அவை மீண்டும் இடம் பெற்றன. அதற்கு முந்தைய திங்களில்தான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இண்டஸ் என்னும் உள்நாட்டுக் கடை ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. பெருநிறுவனம் வழக்காடலாம், வீட்டிலிருந்து ஒற்றைச் செயலி விற்பவர்க்கு அவ்வாற்றல் ஏது? சங்கத்துப் பொதுக்குழுவில் நெசவாளர்க்கு ஒரு வாக்கு உண்டு. இணையக் கடையில் செயலியாளர்க்கு உள்ளது, நீண்ட ஒப்பந்தத்தின் கீழ் ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தான் ஒன்றே.

காஞ்சிப் பட்டும் இன்று இணையத்தில் விற்கப்படுகிறது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் அவ்வாறு விற்கிறது. படத்தில் நிறம் தெரியும். கனம் தெரியாது, சரிகையில் உள்ள வெள்ளியும் தெரியாது. விசைத்தறியில் நெய்த போலிச் சேலையும் படத்தில் அவ்வாறே மின்னும். காஞ்சிபுரம் பட்டு 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீட்டையும், தூய பட்டு என்பதற்குரிய பட்டு முத்திரையையும் தேடிப் பார்த்தே தொலைவில் உள்ளோர் வாங்குகின்றனர்.